மரப் பாறாங்கல்: அருவ மரச் சிற்பத்தில் நிலவியல் எங்கே இருக்கிறது?

நீர்வழி எழுதியது:

இயற்கையிலிருந்தும் நிலவியலிலிருந்தும் பிறந்தவை என்று சொல்லப்படும் அருவ மரச் சிற்பங்களை, அதாவது எந்த உருவத்தையும் அப்படியே காட்டாத சிற்பங்களைப் பற்றி இங்கே அவ்வப்போது பேச்சு வருகிறது. அது பெரும்பாலும் ‘அலை போல இருக்கிறது’, ‘பாறை அடுக்கு போல இருக்கிறது’ என்ற அளவிலேயே நின்றுவிடுகிறது. மரத்துண்டைப் பாறை போலத் தோன்றச் செய்வது கைத்திறன். அந்தத் தோற்றத்தை மட்டும் வைத்து, அச்சிற்பத்துக்கும் நிலவியலுக்கும் உறவு உண்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாறைக்கு நேர்வது மரத்துக்கும் நேர வேண்டும். அப்போதுதான் அதை உறவு என்று ஒப்புக்கொள்ளலாம் என்பது என் கட்சி. அதற்குச் சான்றாக டேவிட் நாஷின் ‘மரப் பாறாங்கல்’ என்ற படைப்பை முன்வைக்கிறேன்.

அறியாதவர்களுக்காகச் சிறு விளக்கம். நாஷ் 1945-இல் பிறந்த ஆங்கிலேயச் சிற்பி. 1960-களின் இறுதியிலிருந்து வட வேல்ஸில் உள்ள பிளைனௌ ஃபெஸ்டினியோக் என்ற சிலேட்டுச் சுரங்க ஊரில், பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றைப் பட்டறையாக்கிக்கொண்டு இயங்கி வருபவர். 1978-இல், ஊருக்குக் கீழேயுள்ள பள்ளத்தாக்கில் வெட்டப்பட்ட, ஏறக்குறைய 200 ஆண்டு வயதுடைய ஓக் மரம் ஒன்று அவருக்குக் கிடைத்தது. அதன் அடிமரத்திலிருந்து சுமார் ஒரு மீட்டர் குறுக்களவுள்ள உருண்டை ஒன்றை, பட்டை பட்டையான வெட்டுத் தடங்கள் தெரியும்படி செதுக்கி எடுத்தார். அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காயவிட்டு, எவ்வாறு வெடிக்கிறது என்று பார்ப்பதே அவருடைய எண்ணமாக இருந்தது. சரிவிலிருந்து கீழே இறக்குவதற்கு அருகிலிருந்த ஓடையைப் பயன்படுத்தினார். உருண்டை ஓர் அருவியின் நடுவில் சிக்கிக்கொண்டது. அதை மீட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோகும் எண்ணத்தை அவர் கைவிட்ட கணத்தில்தான் சிற்பம் தொடங்கியது என்பேன்.

அதன்பின் ஒவ்வொரு பெருவெள்ளத்திலும் அது சிறிது சிறிதாகக் கீழே நகர்ந்தது. ஆண்டுக்கணக்கில் ஒரே மடுவில் கிடந்த காலமும் உண்டு. 2002 நவம்பரில் வந்த வெள்ளம் அதை டுயிரிட் ஆற்றில் சேர்த்தது. 2003-இல் கழிமுகத்தில் அலைந்து காணாமற்போனது. 2013-இல் மீண்டும் தென்பட்டது. 2015-க்குப் பிறகு கண்ணில் படவில்லை. இத்தனையையும் நாஷ் படங்களாகவும் வரைபடங்களாகவும் பதிந்து வந்திருக்கிறார். ஓடையில் உருளும் பாறைக்கு நேரும் இடப்பெயர்ச்சி, தேய்மானம், தங்கல் எல்லாம் இந்த மரத்துக்கும் நேர்ந்திருக்கின்றன. அருவச் சிற்பம் நிலவியலை இவ்வளவு நெருங்கிய வேறோர் எடுத்துக்காட்டு உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

படிவப்பாறை எழுதியது:

நிலவியல் படித்தவன் என்ற முறையில் ஓர் இடையூறு செய்ய வேண்டியிருக்கிறது. தாங்கள் சொல்லும் ‘பாறைக்கு நேர்வது’ இந்த உருண்டைக்கு நேரவில்லை.

ஒரு மீட்டர் குறுக்களவுள்ள உருண்டையின் கொள்ளளவு ஏறக்குறைய அரைக் கன மீட்டர். அது சாதாரணப் பாறையாக இருந்தால் எடை 1,400 கிலோவை ஒட்டி வரும். நீரில் மூழ்கிய நிலையிலும், நீரின் மிதப்பு விசையைக் கழித்துவிட்டால், 900 கிலோ அளவுக்கு ஆற்றின் தரையை அழுத்திக்கொண்டிருக்கும். பச்சை ஓக் மரத்தின் அடர்த்தியோ நீரின் அடர்த்திக்கு மிக அருகில் நிற்பது. உருண்டையின் எடை அரை டன்னுக்குச் சற்றுக் கூடலாம். ஆனால் நீருக்குள் அதன் எடை அநேகமாக ஒன்றுமில்லை. அந்த ஓடையில் பெருவெள்ளம் வந்தால் நகர்ந்துவிடும் மரமும், அதே இடத்தில் நூற்றாண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்கும் பாறையும் ஒரே விதிக்கு உட்பட்டவை என்று சொல்வது கண்ணுக்குப் பொருந்தும், கணக்குக்குப் பொருந்தாது. கழிமுகத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூடிவிடுகிறது. கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1,025 கிலோ. ஆற்று நீரில் மூழ்கும் தறுவாயில் இருந்த கட்டை அங்கே மிதக்கத் தொடங்கும். கடல் ஓதம் ஏறும்போது மேலே போகும், வடியும்போது வேறோர் இடத்தில் தரை தட்டும். எந்தப் பாறாங்கல்லும் இப்படி நடந்துகொள்வதில்லை.

அந்தப் பள்ளத்தாக்கில் உள்ள உண்மையான பாறாங்கற்களில் பலவற்றை அங்கே போட்டவை பழைய பனியாறுகள். அவற்றை இன்றைய ஓடை நகர்த்துவது அரிது. ஆகவே நாஷ் செய்தது பாறையின் வரலாறு அல்ல. வெள்ளத்தில் வந்த மரத்தின் வரலாறு. அது குறைவானது என்று நான் சொல்லவில்லை.

நாஷிடம் நிலவியல் இருக்கிறது என்றால் அது வேறோரிடத்தில் இருக்கிறது. அடிமரம் ஒன்றைச் சங்கிலி ரம்பத்தால் நாற்புறமும் கிடைமட்டமாக, நடுத்தண்டு மட்டும் மிஞ்சும்படி, மெல்லிய தகடுகளாக அறுத்து அவர் செய்த தூண்களைப் பாருங்கள். காயக் காயத் தகடுகள் தனித்தனியே வளைகின்றன, ஓரம் பிளக்கின்றன. அவர் வாழும் ஊரைச் சுற்றிலும் மலைமலையாகக் குவிந்து கிடப்பதும் இப்படித் தகடு தகடாகப் பிளக்கும் கல்லான சிலேட்டின் கழிவு. ஆர்டோவிசியன் காலத்தில், அதாவது 44 கோடி ஆண்டுகளுக்கும் முன்னர், கடலடியில் படிந்த சேறு பின்னர் மலையாக்க அழுத்தத்தில் சிலேட்டானது. அது பிளப்பது படிந்த அடுக்கின் திசையில் அல்ல, அழுத்தம் உண்டாக்கிய திசையில். சிலேட்டுக் கல்லை உளியால் தட்டிப் பிளப்பவர் தேடுவதும் அந்தத் திசையைத்தான்.

வாய்ச்சி எழுதியது:

ஐயா இருவருக்கும் வணக்கம். நான் தச்சுத் தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவன். மரத்தின் பக்கமிருந்து இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

மரம் ஏன் வெடிக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பூவரசு ஒன்றை அறுத்து அதன் வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவே கறுத்த வைரம், சுற்றிலும் வெளிறு. அறுத்த அன்று கையை வைத்தால் ஈரம் ஒட்டும். நிழலில் போட்டு வைத்தாலும், நெஞ்சுப் பகுதியிலிருந்து, அதாவது வெட்டுமுகத்தின் நடுமையத்திலிருந்து, மயிரிழை போன்ற ஒரு கோடு வெளிப்புறம் நோக்கி ஓடத் தொடங்கிவிடும். வாரம் திரும்புவதற்குள் அந்தக் கோட்டில் நகம் நுழையும். ஈரம் ஏறக்குறைய 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்குகிறது. அந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்கும் அளவு, நெஞ்சிலிருந்து பட்டை நோக்கிச் சுருங்கும் அளவைப்போல் பெரும்பாலும் இரு மடங்கு. நீளவாக்கில் சுருக்கம் மிகமிகக் குறைவு. வட்டத்தின் சுற்றளவு அதன் ஆரத்தைவிட அதிகமாகச் சுருங்க முயன்றால் எங்கேயாவது பிளந்துதான் தீர வேண்டும். அதனால்தான் நெஞ்சோடு கூடிய உருண்டைக் கட்டையை வெடிக்காமல் காயவைப்பது அரிது. வெட்டுமுகத்தில் மெழுகோ சாணமோ பூசி ஈரம் மெல்ல மெல்ல வெளியேறும்படி செய்வதெல்லாம் வெடிப்பைத் தள்ளிப்போடவும் குறைக்கவும்தான் உதவும்.

இதை வைத்துப் பார்த்தால், நாஷ் முதலில் நினைத்த சிற்பம் வேறு, நடந்த சிற்பம் வேறு. பட்டறையில் அந்த உருண்டை வெடித்திருக்கும். ஓடையில் ஈரம் குறையவே இல்லை. ஆகவே பெரிய வெடிப்புக்கு வாய்ப்பில்லாமல் போயிற்று. நிறம் மாறியதற்கும் காரணம் உண்டு. ஓக் மரத்தில் துவர்ப்புப் பொருள் மிகுதி. நீரிலுள்ள இரும்பு அதனோடு சேர்ந்தால் கருநீலமாகக் கறுக்கும். ஈரமான ஓக் பலகையில் இரும்பு ஆணி அடித்தவர்கள் இந்தக் கறையைப் பார்த்திருப்பார்கள். படங்களில் அந்த உருண்டை கற்களுக்கு நடுவே கல்லாகவே தெரிவதற்கு இந்தக் கறுப்புதான் பெரும்பாலும் காரணம். அதை எந்தச் சிற்பியும் பூசவில்லை.

சங்கு எழுதியது:

தோற்றம் வேறு, நிகழ்வு வேறு என்று நீர்வழி கோடு போட்டுவிட்டதால், அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று பேச ஒருவர் வேண்டும். நான் பேசுகிறேன்.

ஆங்கிலேயச் சிற்பி பார்பரா ஹெப்வொர்த் 1939-இல் லண்டனிலிருந்து கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். 1946-இல் எல்ம் மரத்தில் அவர் செதுக்கிய ‘பெலகோஸ்’ இன்று பிரிட்டனின் டேட் அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கிறது. வெளிப்புறம் மரத்தின் ரேகை தெரிய மெருகேற்றப்பட்டது. உட்புறம் குடைந்தெடுக்கப்பட்டு வெளிர்நிறம் பூசப்பட்டது. இரு நுனிகளுக்கும் இடையே, இசைக்கருவியில் போல, நரம்புகள் இழுத்துக் கட்டப்பட்டவை. தம் வீட்டிலிருந்து தெரிந்த விரிகுடாவை, இருபுறமும் நிலத்தின் கைகள் வளைந்து அணைப்பதாக அவர் உணர்ந்ததிலிருந்து அந்த வடிவம் வந்தது. தமக்கும் கடலுக்கும் காற்றுக்கும் மலைக்கும் இடையே உணர்ந்த இழுவிசையே அந்த நரம்புகள் என்றும் விளக்கியிருக்கிறார்.

இதில் மரத்துக்கு எந்த வெள்ளமும் நேரவில்லை. ஆனால் இதை ‘அலை போல இருக்கிறது’ என்று ஒதுக்கிவிட முடியுமா? ஒரு நிலப்பரப்புக்குள் நிற்கும் உடலுக்கு என்ன நேர்கிறதோ அது இங்கே வடிவமாகியிருக்கிறது. குடைவுக்குள் பார்வை இறங்கும்போது கடலரிப்புக் குகைக்குள் எட்டிப்பார்க்கும் அதே கூச்சம் வருகிறது. ஒளி உட்சுவரில் பட்டுத் திரும்புகிறது. கார்ன்வாலின் கருங்கல் கரையில் அலை குடைவதும் உளி குடைவதும் ஒரே வேலை என்று நான் சொல்ல வரவில்லை. படிவப்பாறை உடனே கணக்கோடு வந்துவிடுவார். நான் சொல்வது, நிலவியலை அனுபவிப்பதற்கு ஒரு மனித உடல் வேண்டும். அருவச் சிற்பம் அந்த உடலின் பக்கமிருந்து பேசலாம் என்பதே. 1954-இல் அவர் கிரேக்கப் பயணம் போய்த் திரும்பியபின், நைஜீரியாவிலிருந்து வந்த குவாரியா மரத்தின் பெரும் அடிமரங்களில் செதுக்கிய ‘கொரிந்தோஸ்’ போன்ற படைப்புகளில் இது இன்னும் வலுவாக இருக்கிறது. செம்பழுப்பான வெளிப்புறம், வெள்ளை பூசிய உட்குடைவு. அந்த வெள்ளைக்குள் இறங்கும்போது மலைக்குள் இறங்குவதாகவே தோன்றும்.

வெறும்பார்வை எழுதியது:

எல்லோரும் மரியாதையாகப் பேசுகிறீர்கள். நான் சற்றுக் கரடுமுரடாகக் கேட்கிறேன். ஒரு கட்டை ஆற்றோடு போனது. மழைக்காலத்தில் எந்த ஆற்றிலும் போகும் கட்டைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, பின்னால் ஒருவர் படக்கருவியோடு போனார் என்பதுதானே? பாலத்தின் அடியில் அடைபட்டபோது ஆட்களைக் கொண்டு நகர்த்தியதாகவும் படித்திருக்கிறேன். நாம் பார்ப்பதெல்லாம் படங்கள். அப்படியானால் சிற்பம் மரமா, படமா?

நீர்வழி எழுதியது:

வெறும்பார்வைக்கு முதலில். ஆற்றோடு வரும் கட்டை கட்டையாகவே தெரிகிறது. ஒரு வடிவம் அதில் ஏற்றப்பட்டிருந்தால்தான் அது எவ்வளவு தேய்ந்தது, எந்த முனை மழுங்கியது, எந்தப் பக்கம் மேலே வந்தது என்று நம்மால் படிக்க முடியும். கூர்மையாக வெட்டிய பட்டைகள் ஆண்டுகள் செல்லச் செல்ல மழுங்கின. அந்த வெட்டுகள் இல்லையென்றால் மழுங்கல் தெரிந்திருக்காது. சிற்பியின் வேலை அங்கே இருக்கிறது. படங்கள் அந்த வேலையின் பதிவு. படங்கள் இல்லாவிட்டாலும் தேய்மானம் நடந்தே இருக்கும். பாலத்தடியில் தலையிட்டதை ஒரு குறையாக நான் எண்ணவில்லை. அந்த ஓடையில் பாலத்தைக் கட்டியவனும் மனிதன்தான்.

படிவப்பாறையின் எடைக் கணக்கை ஏற்கிறேன், அதனால் என் வாதம் குறுகுகிறதே தவிர விழவில்லை. பாறைக்கு நேர்வது என்பதை ஆற்றுக்குள் நடப்பதோடு நிறுத்த வேண்டியதில்லை என்பதை வாய்ச்சியின் விளக்கம் காட்டிவிட்டது. சுருங்கிப் பிளப்பதும் பாறைக்கு நேர்வதுதான்.

சங்கின் வாதத்துக்கு என்னிடம் முழு மறுப்பு இல்லை. ஆனால் ஒரு நெருடல் உண்டு. பெலகோஸின் உட்புறத்துக்கு நிறம் பூசியவுடன் அங்கே மரம் பேசுவது நின்றுவிடுகிறது. அந்தக் குடைவு சுண்ணாம்புச் சாந்திலும் அமைந்திருக்கலாம். மரமாக இருப்பதன் கட்டாயம் வெளிப்புற ரேகையில் மட்டும்தான் மிஞ்சுகிறது.

செடார்தூள் எழுதியது:

சிற்பி ஊர்சுலா வான் ரைடிங்ஸ்வார்டை யாரும் இன்னும் குறிப்பிடாதது வியப்பாக இருக்கிறது. 1942-இல் ஜெர்மனியில் பிறந்து, போருக்குப் பின் அகதி முகாம்களில் வளர்ந்து, 1950-இல் அமெரிக்கா சேர்ந்தவர். அவர் பெரும்பாலும் ஒரே பொருளில்தான் வேலை செய்கிறார்: கட்டட வேலைக்கென ஆலையில் அறுத்து விற்கும், நான்கு அங்குலச் சதுர முகம் கொண்ட செடார் விட்டங்கள். அவற்றை அடுக்கி, ஒவ்வொன்றிலும் பென்சிலால் கோடு போட்டு, வட்ட ரம்பத்தால் சிறுசிறு வெட்டுகளாக அரிந்து, வரிசை எண்ணிட்டு, பிரித்து, மீண்டும் பசையிட்டு ஒட்டுகிறார். பின்னர் மேற்பரப்பில் கிராஃபைட் தூளை, அதாவது பென்சில் கரித்தூளை, தேய்க்கிறார். பள்ளங்களில் கறுப்பு தங்கி, மேடுகளில் மரத்தின் நிறம் மங்கலாகத் தெரியும். நிமிர்ந்து பார்த்தால் ஆறு அறுத்த மலைச்சுவர் ஒன்றின் முன் நிற்பதாகவே இருக்கும்.

நீர்வழியின் அளவுகோலை இங்கே வைத்துப் பார்க்கிறேன். மரம் தானாக எதையும் செய்யவில்லை. காய்ந்த, ஆலையில் அறுத்த, ஒழுங்கான விட்டம் அது. ஆனால் வேலை நடக்கும் முறை நிலவியல் சார்ந்தது: முதலில் கிடையாக அடுக்கு அடுக்காகப் படிதல், பிறகு அரிப்பு. அடுக்கின் கோடு எங்கும் மறைக்கப்படவில்லை. அரிப்பு அந்தக் கோட்டை அலட்சியம் செய்து குறுக்கே போகிறது. படிவுப் பாறையை ஆறு வெட்டும்போது நாம் காண்பதும் இதைத்தான்.

டோனி கிராக் என்ற லிவர்பூல்காரச் சிற்பியும் இதே வழியில் போகிறவர். ஜெர்மனியின் வூப்பர்டாலில் பல பத்தாண்டுகளாக வாழ்பவர். கலைக்கு வருமுன் ரப்பர் ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளராக இருந்தவர். 1970-களில் கண்டதையெல்லாம், அதாவது மரத்துண்டு, பலகை, காகிதம், செங்கல் போன்றவற்றையெல்லாம், கனச் சதுரமாக அடுக்கி அவர் வைத்த குவியல்கள், நாகரிகத்தின் படிவுப் பாறை என்று சொல்லத்தக்கவை. பிற்காலத்தில் ஒட்டுப்பலகை அடுக்குகளை வளைத்துச் சுழற்றிச் செய்யும் வழவழப்பான தூண்கள் எனக்கு அவ்வளவு பிடிப்பதில்லை. அவற்றில் அடுக்கு இருக்கிறது, எதிர்ப்பு இல்லை. ரம்பம் எங்கே தடுமாறியது என்பது தெரியாத மரச் சிற்பம் எனக்குச் சலிப்பூட்டும். இது என் சுவை, அவ்வளவே.

செடாரில் வேலை செய்ய நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மேற்கத்திய செஞ்செடாரில் உள்ள பிளிகாடிக் அமிலம் மூச்சிரைப்பு நோயை உண்டாக்கும் என்பது மருத்துவ உலகில் நன்கு நிறுவப்பட்டது. முகமூடி இல்லாமல் அந்தத் தூளில் நிற்காதீர்கள்.

படிவப்பாறை எழுதியது:

வாய்ச்சியின் வெடிப்பு விளக்கத்தைப் படித்தபின் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. எரிமலைக் குழம்பு இறுகிக் குளிரும்போது சுருங்குகிறது. சுருங்க இடமில்லாததால் பிளக்கிறது. பசால்ட் போன்ற எரிமலைப் பாறைகள் அறுகோணத் தூண்களாக நிற்பதற்குக் காரணம் இதுதான். கர்நாடகத்தில் மல்பே கடற்கரைக்கு எதிரேயுள்ள செயின்ட் மேரித் தீவுகளில் அத்தகைய தூண்களைக் காணலாம். வட அயர்லாந்தின் ஜயன்ட்ஸ் காஸ்வேயில் அவை சுமார் 40,000 இருக்கின்றன. குழம்பு பக்கவாட்டில் எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்குவதால் பிளவுகள் வலை போல் இணைந்து அறுகோணத்தை நெருங்குகின்றன. மரம் திசைக்குத் திசை வேறாகச் சுருங்குவதால் நெஞ்சிலிருந்து கதிர்க்கோடாகப் பிளக்கிறது. விதி ஒன்று; பொருளின் உட்கட்டு வேறு. ஆகவே பட்டறையில் காயும் ஓக் கட்டை, ஆற்றில் உருளும் ஓக் கட்டையைவிடப் பாறைக்கு நெருக்கமானது. நீர்வழி தம் சான்றை மாற்றிக்கொண்டால் நான் அவர் கட்சியில் சேரத் தயார்.

இன்னொருவரையும் சேர்க்க விரும்புகிறேன். இத்தாலியச் சிற்பி ஜுசெப்பே பெனோனே, ஆலையில் அறுத்த பெரிய விட்டத்தை எடுத்து, அதில் தெரியும் ஓர் ஆண்டு வளையத்தைப் பின்பற்றி, அதற்கு வெளியேயுள்ள மரத்தையெல்லாம் செதுக்கி நீக்கினார். உள்ளே, கிளைக் கணுக்களோடு, அந்த வயதில் இருந்த இளமரம் வெளிப்பட்டது. 1980-82-இல் செய்த ‘பன்னிரண்டு மீட்டர் மரம்’ டேட் தொகுப்பில் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட அடுக்கைத் தேர்ந்து, அதன்மேல் படிந்ததை அகற்றி, பழைய நிலப்பரப்பை வெளிக்கொணர்வது எங்கள் துறையின் அன்றாட வேலை. வளையத்தை அவர் படிவ அடுக்காகவே நடத்துகிறார். அது ‘போல’ இருக்கவில்லை, அதுவாகவே இருக்கிறது.

மரமும் கல்லும் உண்மையிலேயே ஒன்றான இடத்தைப் பார்க்க விரும்புவோர் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக்குப் போகலாம். ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மணலில் புதைந்த மரங்கள் அங்கே சிலிக்காவால் கல்லாகிக் கிடக்கின்றன. வளையமும் கணுவும் தெரிகின்றன. அவற்றுக்கு வேரும் இல்லை, கிளையும் இல்லை. வேறெங்கோ வளர்ந்து, வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுப் புதைந்தவை என்று அதனால்தான் கருதப்படுகிறது. நாஷின் உருண்டைக்கு முன்னோடி வேண்டுமென்றால் பாறாங்கல்லை விட்டுவிட்டு இந்த மரங்களைச் சொல்லலாம்.

வாய்ச்சி எழுதியது:

ஓர் ஐயம். அந்த உருண்டை கழிமுகச் சேற்றில் புதைந்திருந்து, நாளை யாராவது கண்டெடுத்தால் என்ன செய்ய வேண்டும்? வெளியே எடுத்துக் காயவிட்டால் அது கண்டபடி சுருங்கிப் பிளந்துவிடும். ஸ்வீடனில் 1961-இல் கடலிலிருந்து தூக்கிய வாசா என்ற பழைய போர்க்கப்பலின் ஓக் மரத்தை அப்படியே காயவிடாமல், பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகு போன்ற வேதிப்பொருளின் கரைசலை 1962 முதல் 1979 வரை தெளித்துத்தான் காத்தார்கள். ஓர் அருங்காட்சியகம் இந்த உருண்டைக்கும் அதையே செய்ய முன்வந்தால் ஒப்புக்கொள்வீர்களா?

நீர்வழி எழுதியது:

ஒப்புக்கொள்ள மாட்டேன். தெளித்துக் காத்தால் அது கண்டெடுத்த நாளின் வடிவமாக உறைந்துவிடும். அந்த நாளுக்கு அப்படி எந்தத் தனிச் சிறப்பும் கிடையாது. அதைக் காட்டிலும் வாய்ச்சி அஞ்சுகிறபடியே வெளியே எடுத்துக் காயவிடுவதை நான் ஏற்பேன். 1978-இல் நாஷ் பார்க்க நினைத்த வெடிப்பு அப்போதாவது நடக்கும். படிவப்பாறையும் சொன்ன சொல்லைக் காப்பாற்றி என் கட்சிக்கு வரலாம்.

படிவப்பாறை எழுதியது:

வரத் தயார், கட்டை மிஞ்சியிருந்தால். வாசா தப்பியதற்குக் காரணம், அது கிடந்த பால்டிக் கடற்பகுதியில் உப்பு குறைவு. மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு அங்கே வாழ முடிவதில்லை. டுயிரிட் கழிமுகம் திறந்த கடலை நோக்கியது. சேற்றுக்குள் காற்றுப் புகாமல் புதைந்திருந்தால் உருண்டை நெடுங்காலம் தாங்கும். வெளியே கடல்நீரில் கிடந்தால் கப்பற்புழு அதை உள்ளிருந்தே சல்லடையாக்கிவிடும். பெயர்தான் புழு; அது உண்மையில் சிப்பி இனம். மென்மையான கடற்கரைப் பாறைகளைக் குடைந்து வாழும் துளைச்சிப்பிகள் அதற்கு நெருங்கிய உறவு. மரத்தைக் குடைவதும் பாறையைக் குடைவதும் ஒரே குடும்ப வழியில் வந்த தொழில் என்பதால், நீர்வழி தம் சான்றை இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மாற்றாமல் வைத்துக்கொள்ளலாம்.